பட்டதாரியின் சம்பளக் கணக்கை யார் பார்க்கலாம்?

ஆஸ்திரேலியாவில் படித்தவர்கள் கல்விக்கடனை வங்கியில் கட்டுவதில்லை. வேலைக்குப் போய் வருமானம் ஒரு வரம்பைத் தாண்டிய பிறகு, வரியோடு சேர்த்து வரி அலுவலகமே அதை வசூலித்துக்கொள்கிறது. 1989இல் பாப் ஹாக் அரசின் கல்வி அமைச்சர் ஜான் டாக்கின்ஸ் கொண்டுவந்த ஹெக்ஸ் திட்டத்தின் சாரம் இதுதான். அதை வடிவமைத்ததில் பெரும்பங்கு பொருளியலாளர் புரூஸ் சாப்மனுடையது. அன்று ஆண்டுக் கட்டணம் 1,800 டாலர். வருமானம் 22,000 டாலரைத் தொடும்வரை எதுவும் திருப்பிக் கட்ட வேண்டாம். யாருடைய வருமானம் எவ்வளவு என்பது வரி அலுவலகத்துக்குத்தான் தெரியும். ஆகவே கடனில் சேரும் மாணவர் தன் வரிக் கோப்பு எண்ணைப் பல்கலைக்கழகத்தில் எழுதிக் கொடுத்தார். கல்விக்கூடத்துக்கும் வரி அலுவலகத்துக்கும் இடையே பாதை விழுந்தது அப்போதுதான்.

பல ஆண்டுகள் அந்தப் பாதையில் கடன் கணக்குதான் போய்க்கொண்டிருந்தது. இப்போது எதிர்த்திசையில் வேறொன்று வருகிறது: எந்தப் படிப்பை முடித்தவர் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்ற விவரம். ஆஸ்திரேலியப் புள்ளியியல் அலுவலகம் 2015இல் தொடங்கிய இணைப்புத் தரவுத்தொகுப்பு ஒன்று 2023 முதல் ‘பிலிடா’ என்ற சுருக்கப்பெயரில் வழங்குகிறது. வருமான வரி, மெடிகேர் மருத்துவக் காப்பீடு, சென்டர்லிங்க் உதவித்தொகை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, குடியேற்றப் பதிவு, கல்விப் பதிவு எல்லாம் அதில் ஆள்வாரியாக இணைக்கப்படுகின்றன. தொழிற்கல்விக்கு அதன்மேல் தனியாகவே ஒரு தொகுப்பு கட்டியிருக்கிறார்கள். அரசுத் தொழிற்கல்லூரியான டேஃபிலோ தனியார் கல்லூரியிலோ ஒரு சான்றிதழ் முடித்தவருக்கு வேலை கிடைத்ததா, வருமானம் எவ்வளவு கூடியது, மேலே படிக்கப் போனாரா, அரசு உதவித்தொகையிலிருந்து வெளியே வந்தாரா என்று ஜாப்ஸ் அண்ட் ஸ்கில்ஸ் ஆஸ்திரேலியா அமைப்பு அதிலிருந்து கணக்கிட்டு வெளியிடுகிறது. இதற்காகப் படித்தவரிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை.

ரகசியம் என்று சட்டமே சொல்லும் ஓர் ஆவணத்தை, அதற்கு உரியவரைக் கேட்காமல், வேறொரு நல்ல காரியத்துக்கு எடுத்துப் பயன்படுத்தலாமா? சிட்னியிலும் மெல்பர்னிலும் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும், மதுரையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் காணியை விற்றுப் பிள்ளையை அங்கே அனுப்பும் குடும்பங்களுக்கும் இது வெகுதூரத்துக் கேள்வி இல்லை.

ஆதரிப்பவர்களின் வாதத்தை அதன் பலமான வடிவத்திலேயே எடுத்துக்கொள்வோம். பட்டதாரிகளின் நிலையை அறிய இப்போது இருக்கும் முக்கியமான வழி, 2016 முதல் தேசிய அளவில் நடக்கும் பட்டதாரி விளைவு ஆய்வு. படிப்பு முடிந்து நான்கு முதல் ஆறு மாதத்தில் மின்னஞ்சலில் ஒரு கேள்வித்தாள் வரும். பாதிக்கும் மேற்பட்டவர்கள் அதைத் திறந்து பதில் எழுதுவதில்லை. எழுதுபவர்கள் யார், எழுதாதவர்கள் யார்? நல்ல வேலையில் அமர்ந்தவருக்குப் பதில் சொல்ல மனம் வரும். வேலை தேடிச் சோர்ந்தவர் கேள்வித்தாளை மூடிவிடுவார் என்று நினைக்க இடமிருக்கிறது. ஒரு கல்லூரியின் ஒரே ஒரு படிப்பை எடுத்துக்கொண்டால், பதில் எழுதியவர்கள் கைவிரல் கணக்குக்குள் அடங்கிவிடுவார்கள். அதை வைத்துக்கொண்டு ஒரு பெண் தன் மூன்றாண்டையும் பல்லாயிரம் டாலரையும் எங்கே போடுவது என்று முடிவெடுக்க முடியாது. வரிப் பதிவில் இந்தக் குறை இல்லை. அதில் எல்லோரும் இருக்கிறார்கள், சோர்ந்தவரும் இருக்கிறார். ஐந்தாண்டு, பத்தாண்டு கழித்து என்ன ஆனார்கள் என்பதையும் அது காட்டும்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இதன் அருமை உடனே புரியும். நெடுஞ்சாலை ஓரத்தில் ‘நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்’ என்று பொறியியல் கல்லூரிகள் வைத்திருக்கும் பலகைகளைச் சரிபார்க்க நமக்கு எந்த வழியும் இல்லை. 2016 முதல் வரும் என்ஐஆர்எஃப் தரவரிசையில்கூட, படித்தவர்களின் இடைநிலைச் சம்பளம் கல்லூரி தானே நிரப்பித் தரும் எண். விற்பவர் சொல்லும் எடையை அப்படியே நம்பி வாங்குகிறோம்.

ஆஸ்திரேலியா அதைவிடக் கசப்பான பாடம் ஒன்றைப் படித்திருக்கிறது. தொழிற்கல்வி மாணவருக்கும் ஹெக்ஸ் போன்ற கடன் தரும் ‘வெட் ஃபீ ஹெல்ப்’ திட்டம் 2009இல் சுமார் 26 மில்லியன் டாலர் கடன் கொடுத்தது. 2015இல் அது 2.9 பில்லியன். இடையில் நடந்தது கல்வி வளர்ச்சி அன்று. தரகர்கள் அரசு குடியிருப்புகளில் கதவு தட்டினார்கள், இலவச மடிக்கணினி என்று ஆசை காட்டினார்கள். ஆங்கிலம் சரியாக வாசிக்கத் தெரியாதவர்களையும், அறிவுக் குறைபாடு உள்ளவர்களையும் டிப்ளமாவில் சேர்த்துக் கையெழுத்து வாங்கினார்கள். கல்லூரிக்கு உடனே பணம் வந்தது. கடன் அவர்கள் பெயரில் வரி அலுவலகத்தில் ஏறியது. விக்டோரியாவின் ஃபீனிக்ஸ் இன்ஸ்டிட்யூட் மீது நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட, அது மனசாட்சிக்கு விரோதமாக நடந்துகொண்டது என்று கூட்டாட்சி நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. திட்டத்தை 2016 இறுதியில் இழுத்து மூடினார்கள். படித்தவர்களின் வருமானம் கல்லூரிவாரியாக முன்பே தெரிந்திருந்தால் இந்தக் கொள்ளை நடந்திருக்குமா என்று ஆதரவாளர்கள் கேட்கிறார்கள்.

நடந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஆதரவுத் தரப்பின் மிக உணர்ச்சிகரமான வாதம் சற்று அழுத்திப் பார்த்தால் இங்கே தளர்கிறது. அந்தக் கல்லூரிகளின் குற்றத்தைக் காட்ட வரிக்கணக்கு தேவைப்படவில்லை. கடன் தொகை ஆறு ஆண்டில் நூறு மடங்கைத் தாண்டியது கல்வித்துறையின் சொந்தக் கணக்கிலேயே இருந்தது. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள் என்பதும் அங்கேயே இருந்தது, அது வெட்கப்படும்படி குறைவாகவும் இருந்தது. இன்னொன்றும் உண்டு. வருமானக் கணக்கு பெரும்பாலும் முடித்தவர்களைத்தான் அளக்கிறது. ஏமாற்றப்பட்டுச் சேர்ந்தவர்கள் ஒரு வகுப்புக்கும் போகாமல் கடனோடு நின்றவர்கள். அப்படி அளக்கும் கணக்கில் அவர்கள் வரவே மாட்டார்கள். கண்ணெதிரே இருந்த எண்ணைப் பார்க்காத அரசுக்குப் புதிதாக இன்னோர் எண்ணைக் கொடுத்தால் பார்த்துவிடும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

ஆகவே ஆதரவாளர்களிடம் மிஞ்சும் உறுதியான வாதம் இரண்டு. மாணவருக்கு முழுமையான தகவல் கிடைக்கும் என்பது ஒன்று. பொதுப்பணத்தில் கடன் பெற்றுப் படித்தவர்களுக்கு அந்தப் படிப்பு பயன்பட்டதா என்று கேட்கும் உரிமை பொதுமக்களுக்கு உண்டு என்பது மற்றது. இரண்டுமே கனமானவை.

இனி எதிர்த்தட்டு. ஆஸ்திரேலிய வரி நிர்வாகச் சட்டம், வரி அலுவலர் ஒருவர் வரி கட்டுபவரின் விவரத்தை வெளியே சொன்னால் இரண்டாண்டுச் சிறை என்கிறது. இத்தனை கடுமை ஏன்? அந்த நாட்டில் வரி கட்டுபவரே தன் வருமானத்தைக் கணக்கிட்டுச் சொல்கிறார், அலுவலகம் பெரும்பாலும் அதை நம்பி ஏற்கிறது. நீ சொல்வது இந்தச் சுவரைத் தாண்டாது என்ற வாக்குறுதிக்குப் பதிலாகத்தான் மக்கள் உண்மையைச் சொல்கிறார்கள். ரகசியம் தனிமனிதருக்குச் செய்யும் சலுகை மட்டுமன்று. வரி வசூலே அதன்மேல்தான் நிற்கிறது.

அந்த வாக்குறுதியின் வரலாறு நம்பிக்கை தருவதாக இல்லை. எல்லோருக்கும் ஓர் அடையாள அட்டை என்ற ‘ஆஸ்திரேலியா கார்டு’ திட்டத்தை 1987இல் மக்கள் எதிர்ப்பால் ஹாக் அரசு கைவிட்டது. அதற்கு மாற்றாக 1988இல் வந்ததுதான் வரிக் கோப்பு எண். வரி தவிர வேறெதற்கும் அது பயன்படாது என்ற உறுதிமொழியோடு வந்தது. கூடவே தனியுரிமைச் சட்டமும் நிறைவேறியது. அடுத்த ஆண்டே ஹெக்ஸ் அதைக் கேட்டது. 1990இல் வந்த தரவு ஒப்பீட்டுச் சட்டம் அதை உதவித்தொகை பெறுபவர்களைச் சரிபார்க்கும் கருவியாக்கியது. ஒவ்வொரு நீட்டிப்புக்கும் தனித்தனியே நியாயமான காரணம் இருந்தது. கடன் வசூலிக்க வேண்டும், மோசடியைத் தடுக்க வேண்டும் என்றால் யார் மறுப்பார்கள்? ஆனால் முதல் நாள் உறுதிமொழி இரண்டே ஆண்டில் கரைந்துபோனது. பட்டதாரிகளின் வருமான இணைப்பும் அந்த வரிசையில் அடுத்த நீட்டிப்புதான். அதன் காரணமும் நியாயமானது என்பதாலேயே கவனம் கூடுதலாக வேண்டும்.

அந்த ஒப்பீடு எங்கே போய் முடிந்தது என்பதை உலகமே பார்த்தது. ரோபோடெட் என்று மக்கள் பெயர் வைத்த உதவித்தொகைச் சரிபார்ப்புத் திட்டம், வரி அலுவலகத்தின் ஆண்டு வருமான எண்ணை எடுத்து 26 இருவாரங்களுக்குச் சமமாகப் பங்கிட்டது. ஒரு மாணவியை வைத்துப் பார்ப்போம். அங்கே நிதியாண்டு ஜூலையில் தொடங்குகிறது. ஜூலை முதல் டிசம்பர் வரை அவர் கடைசிப் பருவம் படிக்கிறார், மாணவர் உதவித்தொகை வாங்குகிறார், வேறு வருமானம் இல்லை. ஜனவரியில் வேலை கிடைக்கிறது, ஜூனுக்குள் 26,000 டாலர் சம்பாதிக்கிறார். கணினி அதை 26ஆல் வகுத்தது. ஒவ்வோர் இருவாரமும் 1,000 டாலர் சம்பாதித்துக்கொண்டே உதவித்தொகையும் வாங்கியிருக்கிறாய், திருப்பிக் கட்டு என்று கடிதம் அனுப்பியது. 2019 நவம்பரில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் இந்த முறை சட்டப்படி நிற்கவில்லை. 4,70,000 கடன்களுக்காக வாங்கிய 721 மில்லியன் டாலரைத் திருப்பித் தருவதாக 2020 மே மாதம் அரசு அறிவித்தது. இதை விசாரித்த, கேத்தரின் ஹோம்ஸ் தலைமையிலான அரச ஆணையத்தின் அறிக்கை 2023 ஜூலையில் வந்தது.

அந்த மாணவியைச் சற்று நேரம் விடாமல் பார்க்க வேண்டும். படிப்பு முடித்து வேலைக்குப் போகும் ஆண்டு, ஆண்டு வருமானம் என்ற எண் மிக அதிகமாகப் பொய் சொல்லும் ஆண்டு. ரோபோடெட்டில் அது அவரைக் கடன்காரியாக்கியது. அதே 26,000 டாலரைப் பட்டதாரி விளைவுக் கணக்கில் போட்டால், அவர் படித்த படிப்பு ஏழைப் படிப்பாகத் தெரியும். உண்மையில் அவர் ஆண்டுக்கு 52,000 டாலர் சம்பள வேலையில் இருக்கிறார். 2019 ஜூலை முதல் சிறிய முதலாளிகள் உட்பட எல்லோரும் ஒவ்வொரு சம்பளத் தேதியிலும் வரி அலுவலகத்துக்கு விவரம் அனுப்ப வேண்டியிருப்பதால், இந்தப் பிழையைத் திருத்த இன்று வழி உண்டு. திருத்தத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. வருடத்துக்கு ஒரே எண்ணாக இருந்த பதிவு, ஒருவர் எந்த வாரம் வேலை இழந்தார், எந்த மாதம் மகப்பேறு விடுப்பில் போனார் என்று சொல்லும் அளவுக்கு நெருங்கிவிட்டது.

ரோபோடெட் காலத்தில் இன்னொரு சம்பவம் நடந்தது. எனக்கு மொத்தக் கடன் தொகையைவிட அதுதான் அச்சம் தருகிறது. 2017இல் அந்தத் திட்டத்தைக் குறைசொல்லிப் பத்திரிகையில் எழுதிய ஒரு பெண்ணின் சென்டர்லிங்க் விவரங்கள் அரசுத் தரப்பிலிருந்து இன்னொரு பத்திரிகையாளருக்குத் தரப்பட்டன. தனியுரிமைச் சட்டம் மீறப்படவில்லை என்று தகவல் ஆணையர் அலுவலகம் மறு ஆண்டு முடிவு சொன்னது. ஆனால் அரச ஆணையம் வேறு விதமாகப் பார்த்தது. விமர்சனத்தை அடக்க உதவித்தொகை பெறுபவர்களின் விவரங்களை ஊடகத்தில் பயன்படுத்தியது, அன்றைய அமைச்சர் ஆலன் டட்ஜ் தன் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியதே என்று எழுதியது. சட்டம் மீறப்படாமலே அதிகாரம் மீறப்படலாம் என்றால், இது சட்டப்படி செல்லும் என்ற பதில் எவ்வளவு தூரம் ஆறுதல் தரும்?

பெயரை நீக்கிவிட்டால் போதும் என்பவர்களுக்கு மெல்பர்ன் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பதில் இருக்கிறது. 2016 ஆகஸ்டில் சுகாதாரத்துறை, மக்களில் பத்தில் ஒருவர் என்ற கணக்கில் எடுத்த மெடிகேர் பதிவுகளைப் பெயர் நீக்கி இணையத்தில் எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டது. கிறிஸ் கல்னேன், பெஞ்சமின் ரூபின்ஸ்டைன், வனெஸ்ஸா டீக் என்ற மூன்று ஆய்வாளர்கள் மருத்துவர்களின் மறையெண்களை உடைக்க முடியும் என்று சில வாரங்களில் காட்டினார்கள். 2017 டிசம்பரில், குழந்தை பிறந்த தேதி, அறுவைச் சிகிச்சை போன்ற ஊரறிந்த விவரங்களைக் கொண்டே நோயாளிகளையும் அடையாளம் காண முடியும் என்று நிறுவினார்கள். அரசின் முதல் எதிர்வினை, அடையாளம் காண்பதையே குற்றமாக்கும் மசோதா. நல்லவேளையாக அது நிறைவேறாமல் போனது. ஓட்டையைச் சுட்டியவரைத் தண்டிக்கத் தோன்றும் மனநிலை, தரவைக் காப்பவர்களுக்கு இருக்கக் கூடாதது.

இங்கே புள்ளியியல் அலுவலகத்துக்கு நியாயம் செய்ய வேண்டும். பிலிடா அப்படி இணையத்தில் கொட்டப்பட்ட தொகுப்பு அன்று. பெயரையும் முகவரியையும் வைத்துப் பதிவுகளை இணைப்பவர்கள் ஒரு குழு. வருமானத்தையும் படிப்பையும் ஆராய்பவர்கள் இன்னொரு குழு. இரண்டையும் ஒருசேரப் பார்ப்பவர் யாரும் இல்லை. ஆய்வாளர் சிட்னியில் தன் மேசையிலிருந்து அலுவலகத்தின் கணினிக்குள் நுழைந்துதான் வேலை செய்ய வேண்டும், ஒரு வரியைக்கூடத் தன் கணினிக்கு இறக்கிக்கொள்ள முடியாது. அட்டவணை ஒன்றை வெளியே எடுக்க விண்ணப்பித்தால், அலுவலகத்து ஆள் ஒவ்வொரு கட்டத்தையும் பார்ப்பார். சிலரே இருக்கும் கட்டம் மறைக்கப்படும். கவனமான ஏற்பாடுதான். கசிவு என்ற அச்சத்தை இதற்கு எதிரான முதல் வாதமாக வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கசிவைத் தேடினால் வேறு இடங்களில் அகப்படும். 2019இல் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகமே, தன் கணினிக்குள் யாரோ புகுந்து மாணவர்களின் மதிப்பெண் பட்டியலையும் வரிக் கோப்பு எண்ணையும் தொட்டதாக அறிவித்தது. பூட்டிய அறை புள்ளியியல் அலுவலகத்தில் இருக்கிறது. திறந்த கதவு வேறெங்கோ இருக்கிறது.

என் கவலை அந்தப் பூட்டிய அறையிலிருந்து முறைப்படி, சரிபார்த்து, வெளியே வரும் எண்ணைப் பற்றியது. அது சொல்வதாக நாம் நினைப்பதை அது சொல்கிறதா?

வரிக்கணக்கு வரிக்காக எழுதப்படுவது. மெல்பர்னின் கிளேட்டனில் எம்டெக் முடித்தவர் ஊபர் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏபிஎன் என்ற தொழில் எண் வாங்கி, கார்த் தேய்மானம், பெட்ரோல், போன் எல்லாம் கழித்து அவருடைய அக்கவுண்டன்ட் காட்டும் நிகர வருமானம் அவர் வீட்டுக்குக் கொண்டுபோகும் பணமன்று. டாண்டினாங்கில் குடும்ப மளிகைக் கடையைப் பார்த்துக்கொள்ளும் வணிகப் பட்டதாரியின் வருமானம், குடும்ப டிரஸ்ட் வழியாக நான்கு பேருக்குப் பிரிந்திருக்கும். சிட்னியின் ஓர் உணவகத்தில் பாதிச் சம்பளத்தைக் கையில் ரொக்கமாக வாங்குபவர் அந்தப் பாதிக்குப் பதிவில் இல்லவே இல்லை. பூஜ்யம் என்று வந்தால் அது வேலையின்மையா, குழந்தை வளர்ப்பா, சென்னைக்குத் திரும்பியதா என்று பதிவு சொல்லாது. எத்தனை மணி நேரம் உழைத்து அந்தச் சம்பளம் வந்தது என்பதையும் சொல்லாது. 2015இல் செவன் இலெவன் கடைகளில் வெளிநாட்டு மாணவர்களின் கூலி பறிக்கப்பட்டது அம்பலமானபோது, அந்த அநியாயம் பெரும்பாலும் மணிக்கணக்கில்தான் இருந்தது. அமெரிக்காவில் இந்தக் குறை நீதிமன்றம்வரை போனது. படித்தவர்களின் வருமானப் பதிவை வைத்துக் கல்லூரிகளுக்குத் தகுதி நிர்ணயித்தபோது, அழகுக்கலைப் பள்ளிகள் தங்கள் மாணவர்களின் டிப்ஸ் வருமானம் பதிவில் ஏறுவதில்லை என்று வழக்குத் தொடுத்தன. 2017இல் நீதிமன்றம் அவர்கள் பக்கம் சாய்ந்தது.

இவை அளவைப் பிழைகள், ஓரளவு திருத்தலாம். திருத்த முடியாத ஒன்று இருக்கிறது. அலிசன் பூத், ஆண்ட்ரூ லீ, எலினா வர்கனோவா மூவரும் சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேனில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட போலி வேலை விண்ணப்பங்களை அனுப்பி 2012இல் முடிவை வெளியிட்டார்கள். தகுதி ஒன்றே, பெயர் மட்டும் வேறு. ஆங்கிலப் பெயர் உள்ளவருக்குக் கிடைக்கும் அதே எண்ணிக்கை நேர்காணல் அழைப்பைப் பெற, சீனப் பெயர் உள்ளவர் 68 சதவீதமும் மத்தியக் கிழக்குப் பெயர் உள்ளவர் 64 சதவீதமும் கூடுதலாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. தமிழ்ப் பெயர்கள் அந்தச் சோதனையில் இல்லை. வேலை தேடிய தமிழ்ப் பிள்ளைகளைக் கேட்டால் மீதியைச் சொல்வார்கள். இப்போது இந்த எண்களைக் கல்லூரிக் கணக்கில் வையுங்கள். வென்ட்வொர்த்வில், டூங்காபி பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் படிக்கும் மேற்குச் சிட்னிப் பல்கலைக்கழகத்தின் பட்டதாரிக்கு வேலை தாமதமாகக் கிடைத்தால், அது அவர் பெயரின் குற்றமா, முதலாளியின் குற்றமா, பல்கலைக்கழகத்தின் குற்றமா? வரிப் பதிவு மூன்றையும் ஒரே எண்ணாக்கிப் பல்கலைக்கழகத்தின் கணக்கில் எழுதிவிடும். அந்தச் சோதனையை நடத்திய மூவரில் ஒருவரான ஆண்ட்ரூ லீ இன்று கருவூலத்துறையின் துணை அமைச்சர்; இதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

எண்ணைக் கல்லூரியின் தலையில் எழுதுவதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. அதை வைத்துப் பணம் பிரிக்க அரசு முயன்றிருக்கிறது. 2019இல் பால் வெல்லிங்ஸ் தலைமையிலான குழு, பல்கலைக்கழக மானியத்தின் ஒரு பகுதியைச் செயல்திறனைப் பார்த்துக் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. அதில் பட்டதாரிகளின் வேலைவாய்ப்புக்கு மட்டும் 40 சதவீத எடை. கோவிட் குழப்பத்தில் அது வேரூன்றவில்லை. ஆனால் அன்றைய கல்வி அமைச்சர் டான் டெஹன் 2020 ஜூனில் ‘ஜாப் ரெடி கிராஜுவேட்ஸ்’ திட்டத்தை அறிவித்தார். வேலை தரும் படிப்புக்குக் கட்டணம் குறைவு, மற்றதற்கு அதிகம் என்பது அதன் தத்துவம். 2021இல் செவிலியர் படிப்புக்கு ஆண்டுக்கு 3,950 டாலர்; வரலாறும் தத்துவமும் படிக்க 14,500. கலைப் பட்டப்படிப்பின் மொத்தக் கட்டணம் இன்று ஐம்பதாயிரம் டாலரைத் தாண்டிவிட்டது. கலைப் படிப்பு முடித்தவர்கள் தொடக்கத்தில் பின்தங்கினாலும் மூன்றாண்டில் இடைவெளி வெகுவாகக் குறைகிறது என்று அரசின் சொந்த ஆய்வே காட்டியிருந்தது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. மேரி ஓகேன் தலைமையில் 2024 பிப்ரவரியில் வந்த பல்கலைக்கழக உடன்படிக்கை அறிக்கை அந்தத் திட்டம் தோற்றதென்று சொல்லி, மாற்றக் கேட்டது.

பிரிட்டன் இதே பாதையில் சற்று முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. 2015இல் சட்டம் இயற்றி வரிப் பதிவையும் கல்விப் பதிவையும் இணைத்தார்கள். 2017 முதல் பல்கலைக்கழகவாரியாக, பாடவாரியாகச் சம்பளம் வெளியாகிறது. ஐந்தில் ஒரு பட்டதாரி பட்டம் வாங்காமலிருந்தால் பணக்கணக்கில் மேலாக இருந்திருப்பார் என்று நிதியாய்வுக் கழகம் அந்தத் தரவிலிருந்து 2020இல் கணக்கிட்டது. நேர்மையான, தேவையான ஆய்வு. மூன்றாண்டு கழித்து ரிஷி சுனக் அரசு, பயன் குறைந்த படிப்புகளில் மாணவர் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதாக அறிவித்தது. அந்த ஆய்வு பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கையாகத் தொடங்கியது. சம்பளத்தைப் பார்த்துப் படிப்பை மதிப்பிடும் பழக்கம் மூன்றே ஆண்டில் அரசின் கையில் கத்தரிக்கோலாகிவிட்டது.

இத்தனையையும் எடைபோட்ட பின் என் தீர்ப்பு இது. வரிப் பதிவையும் கல்விப் பதிவையும் புள்ளியியல் அலுவலகத்தின் பூட்டிய அறைக்குள் இணைப்பது நியாயம். தகவல் இல்லாததால் நட்டப்படுபவர்கள் எப்போதும் முதல் தலைமுறை மாணவர்கள். யாரைக் கேட்பது என்று தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கு அட்டவணை தேவைப்படாது. ஆனால் அந்த இணைப்பு ஒருவழிப்பாதையாக இருக்க வேண்டும். தனிமனிதரின் பதிவு உள்ளே போகலாம், தொகுத்த எண் மட்டுமே வெளியே வரலாம். கல்வித்துறைக்கோ, சென்டர்லிங்குக்கோ, உள்துறைக்கோ, பல்கலைக்கழகத்துக்கோ ஓர் ஆளின் விவரம்கூட அந்த வழியாகத் திரும்பி வரக் கூடாது. இதை விதிமுறையிலும் துறைகளுக்கிடையிலான ஒப்பந்தத்திலும் எழுதினால் போதாது. நாடாளுமன்றத்தில் விவாதித்து மாற்ற வேண்டிய சட்டத்தில், தடை என்ற வடிவிலேயே எழுத வேண்டும். 1988இன் உறுதிமொழி இரண்டாண்டில் கரைந்ததைப் பார்த்தவர்கள் இதற்குக் குறைந்ததை ஏற்கக் கூடாது.

இரண்டாவது, அந்த எண்ணை மானியச் சூத்திரத்தில் வைக்கக் கூடாது, கட்டணம் நிர்ணயிக்கவும் எடுக்கக் கூடாது. தெரிந்துகொண்டு சும்மா இருப்பதற்கா இவ்வளவு பாடு என்று கேட்பார்கள். சும்மா இருக்கச் சொல்லவில்லை. ஒரு கல்லூரியில் முடித்தவர்களின் வருமானம், அதே பின்னணியுள்ள மற்றவர்களைவிடத் தொடர்ந்து குறைவாக இருந்தால், தொழிற்கல்வி ஒழுங்காற்று அமைப்பான ஆஸ்க்வா அங்கே ஆய்வாளரை அனுப்பட்டும். வகுப்பறைக்குள் போய்ப் பார்க்கட்டும், மாணவரிடம் பேசட்டும். தண்டனை அங்கே கண்டதிலிருந்து வர வேண்டும். வெட் ஃபீ ஹெல்ப் காலத்தில் இல்லாமல்போனது எண் அன்று, போய்ப் பார்க்கும் ஆள்.

சம்மதத்தைப் பற்றி இரு தரப்பும் தவறவிடும் ஒரு வேறுபாடு இருக்கிறது. ஹெக்ஸ் கடன் வாங்கியவர் பொதுப்பணத்தில் படித்தவர். அவருடைய பதிவைப் பெயரின்றித் தொகுக்க ஒப்புதல் கேட்கத் தேவையில்லை என்பதை ஏற்கிறேன். கடன் படிவத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் வெளிநாட்டு மாணவர் அந்த அரசிடம் ஒரு காசு கடன் வாங்கவில்லை. முழுக் கட்டணத்தையும் சொந்தமாகக் கட்டினார். இருவாரத்துக்கு 48 மணி நேர வேலை வரம்பும் விசாவும் தலைக்குமேல் தொங்க, எந்த அலுவலகம் எதைப் பார்க்கிறது என்ற அச்சத்தோடு வாழ்பவர் அவர். பொதுப்பணம் என்ற வாதம் அவரிடம் செல்லாது. அவரிடம் சேர்க்கைப் படிவத்திலேயே, அவருக்கு நன்றாகப் புரியும் மொழியில், கேட்டே ஆக வேண்டும். மறுத்தால் விட்டுவிட வேண்டும்.

கேட்பதால் எண் குறைபடும் என்பார்கள். வெளிநாட்டு மாணவர்களைப் பொறுத்தவரை அது ஏற்கெனவே குறைபட்டதுதான். ஹெக்ஸ் கடனோடு வெளிநாடு போன ஆஸ்திரேலியர் 2017 முதல் தன் உலக வருமானத்தை வரி அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். கடனில்லாத தமிழ் மாணவர் கோயம்புத்தூருக்குத் திரும்பிவிட்டால் பதிவிலிருந்தே மறைந்துவிடுகிறார். தங்கி வேலை பெற்றவர்கள் மட்டும் கணக்கில் நிற்க, அந்தப் படிப்பு பொன்னாக மின்னும். அந்த மினுமினுப்பைத்தான் நாளை சென்னையில் ஏஜென்ட் அச்சடித்துப் பெற்றோர் கையில் கொடுப்பார். ஆகவே வெளியிடும் ஒவ்வோர் அட்டவணையிலும் சராசரி வருமானத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு பத்தி வேண்டும்: இந்தப் படிப்பை முடித்தவர்களில் எத்தனை பேர் இந்தக் கணக்கில் இல்லை என்ற பத்தி. அதே அளவு எழுத்தில், அதே வரிசையில்.